எதிர்க்குரல் கொடுத்த அக்கரைக்காரர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒரு வாழைத்தாரைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். தராசில் வைத்தால் அரைக் கிலோகூட முன்பின் இருக்காது. தாமிரபரணிக் கரையில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர்களில் தலைச்சுமையிலிருந்து கல்லாப்பெட்டிக்கு வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் அப்பன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பும் நான் உண்டாக்கியதுதான். சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் மேற்கே, ஆற்றின் இந்தப் பக்கம் எங்கள் ஊர். மைதானம் என்று தனியாக ஒன்று கிடையாது. குளம் வற்றினால் அதுதான் மைதானம். பிசான நெல் அறுப்பு முடிந்து, குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், வண்டல் காய்ந்து வெடித்த பிறகு, அந்த வெடிப்புகளில் மண்ணைக் கொட்டி ரோலர் உருட்டினால் பங்குனியில் ஆட்டம் தொடங்கலாம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும்வரை ஆடலாம். தண்ணீர் வந்துவிட்டால் கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டுவந்து மண்டிச் சுவரில் சாத்திவைத்துவிடுவோம்.

கிளப் ஆரம்பித்த காலத்தில் நான் மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரோடு ஆட்டம். பாதி ஆட்டத்தில் பந்து உடைமரத்து முள்ளில் குத்திக் காற்றுப் போய்விட்டது. மாற்றுப் பந்து அவர்களிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. கூட்டம் கலையப் பார்க்கிறது. நான் ஓடிப்போய், அன்றைக்குக் கூலியோடு சேர்த்துக் கொடுத்திருந்த ஏத்தன் வாழைத்தாரைத் தூக்கிவந்து நடுக்கோட்டில் வைத்தேன். மண்டியில் தினமும் கேட்டுக் காதில் ஊறிப்போன ராகத்திலேயே ஏலம் கூற ஆரம்பித்துவிட்டேன். ஊரே சிரித்தது. ஆனால் தார் விலை போனது. அந்தக் காசில் சைக்கிளை மிதித்துப் போய் பந்து வாங்கிவந்து, வெளிச்சம் மங்குவதற்குள் மீதி ஆட்டத்தை முடித்தோம்.

அதிலிருந்து இடைவேளையில் தார் ஏலம் என்பது இரண்டு கரைக்கும் வழக்கமாகிவிட்டது. இப்போதைய பயல்கள் இது ஏதோ பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. கண்டுபிடித்தவன் நான்.

அன்றைக்கு அந்தத் தாரை ஏலத்தில் எடுத்தவர்தான் அக்கரைக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோரைப்பாய் வியாபாரம் செய்தவர். என் வயதுதான் இருக்கும். வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட சாரமுமாக வருவார். அவர் ஊர்க் கிளப்புக்கு அவர், எங்கள் ஊர்க் கிளப்புக்கு நான். பங்குனியில் எங்கள் குளத்தில் ஓர் ஆட்டம், அடுத்த மாதம் அவர்கள் தென்னந்தோப்புத் தரையில் ஓர் ஆட்டம். மற்ற ஊர்களோடு ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் வருடம் முழுவதும் பேச்சு இந்த இரண்டைப் பற்றித்தான்.

ஏலத்தின் முறை இதுதான். எந்த ஊர்த் தரையில் ஆட்டமோ அந்த ஊர்க் கிளப் தார் வைக்கும். ஏலத்தில் வரும் பணம் அந்தக் கிளப்புக்கு. வந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒரு விலை கேட்பார். தரைக்குச் சொந்தக்காரர் எதிர்க்குரல் கொடுத்து விலையை ஏற்றுவார். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சாமர்த்தியம். எதிராளியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டால் தார் அவர் தலையில். ஒரு குரல் கூடிப்போய் அவர் வாயை மூடிக்கொண்டால் நம் தார் நம் தலையிலேயே விழும். அதைவிட அவமானம் ஊரில் வேறு கிடையாது.

பத்து முப்பது வருடம், ஒரு தடவைகூட என் தார் என் தலையில் விழுந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் தலையில்தான் கட்டினேன். தாரைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் போகும்போது எங்கள் ஆட்கள் கூப்பாடு போடுவார்கள்.

“மொதலாளி, பைய தூக்கும்! இடுப்புப் பிடிச்சுக்கிடும்!”

அவர் திரும்பிப் பார்த்து, “எனக்கு இடுப்பு இருக்குவே, பிடிக்கும். உங்க ஆளுக்குத் தொப்பைல்லா இருக்கு” என்பார். அக்கரை முழுவதும் சிரிக்கும்.

அவர் தரைக்கு நான் போகும்போது அவர் தாரை நான் எடுப்பேன். அதை நான் தோல்வி என்று நினைத்ததில்லை. எடுக்கிற தைரியம் எனக்கு இருந்தது, எடுத்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தத் தார்க் காசில்தான் இரண்டு கிளப்பும் பிழைத்தன. பூட்ஸ், உடுப்பு, வெளியூர் போட்டிக்கு வேன் வாடகை, நுழைவுப் பணம் எல்லாம் அதிலிருந்துதான். அன்றைக்குக் கூட்டத்தில் துண்டு ஏந்தினால் விழுகிற சில்லறையும் சேரும். வேறு வரும்படி கிடையாது. கடைக்காரர்கள் பணம் கொடுப்பதெல்லாம் கிரிக்கெட்டுக்குத்தான்.

நான் செய்த தப்பு என்ன என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் தரையில் நாங்கள் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அவர்கள் கோல் காப்பவன் ஒரு நெசவுக்காரன் மகன். கை இரண்டும் அகப்பை மாதிரி நீண்டிருக்கும். நடுவில் ஆடுகிற இரண்டு பேர் அண்ணன் தம்பி, கண் சாடையிலேயே பந்தைக் கொடுத்து வாங்குவார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த மூன்று பேரும் என் கண்ணிலேயே நின்றார்கள். அடுத்த வாரம் ஆளனுப்பி மூன்று பேரையும் மண்டிக்கு வரவழைத்தேன். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் துணி. பங்குனியில் எனக்கு ஆட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோல்காரன் கேட்டான்.

“எங்க மொதலாளி என்ன சொல்லுவாவளோ?”

“மாசச் சம்பளம் அவரு தருவாராலே?”

மூன்று பேருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டார்கள். அன்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்கரையை முதுகெலும்போடு பிடுங்கிவிட்டேன் என்று. வாழ்க்கையில் எத்தனையோ வியாபாரம் செய்திருக்கிறேன், இதைப் போல ஒன்று செய்ததில்லை என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த பங்குனியில் அக்கரை வரவில்லை. அந்த மூன்று பேர் இல்லாமல் களத்தில் இறங்கமாட்டோம் என்று மீதிப் பயல்கள் சொல்லிவிட்டார்களாம். தோப்புத் தரையில் டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கென்ன என்று நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அணிக்குப் பணம் கொடுத்து வரவழைத்தேன். குளக்கரையில் வழக்கமாக நிற்கிற கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஜெயித்தோம். யாரும் கூப்பாடு போடவில்லை. இடைவேளையில் நல்ல செவ்வாழைத் தாராகப் பார்த்து நடுக்கோட்டில் வைத்தேன். மைக்கில் ஆள் ஏலம் கூறுகிறான். வந்த அணியின் மேலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு இது என்ன வழக்கம் என்றே தெரியாது. நான் ஒரு விலை கேட்டேன். எதிர்க்குரல் இல்லை.

“ஒரு தரம்…” என்றான் மைக்காரன்.

அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல், “நூறு ரூவா கூட!” என்றது. திரும்பிப் பார்த்தேன். என் கோல்காரன். அக்கரையிலிருந்து நான் பிடுங்கிவந்த அதே கோல்காரன்தான். என் முகத்தைப் பார்த்து அவனுக்கு மனது பொறுக்கவில்லை போலிருக்கிறது.

“ஏலே, நீ யாரு பணத்துலலே கேக்க?” என்றேன்.

“உங்க பணந்தான் மொதலாளி” என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குத் தார் என் தலையில்தான் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரி மகளுக்குப் பேறுகாலம் பார்க்க மஸ்கட் போனவள். முதல் பிள்ளைக்குப் போனாள், இரண்டாவதும் பிறந்துவிட்டது, இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது, அதுவும் சரிதான். மகன் தன் குடும்பத்தோடு பாளையங்கோட்டையில் இருக்கிறான். மண்டியை அவன்தான் பார்க்கிறான். காலையில் வருவான், சாயங்காலம் போய்விடுவான். வாழைத்தார் பழுத்தால் மொத்தமாகப் பழுக்கும், ஒவ்வொன்றாகப் பழுக்காது. ஓர் ஆள் எவ்வளவு தின்ன முடியும்?

அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. என் தரைத் தாரை அவர் எடுத்தார், அந்தப் பணம் என் கிளப்புக்கு. அவர் தரைத் தாரை நான் எடுத்தேன், அது அவர் கிளப்புக்கு. இத்தனை வருடமும் என் கிளப்புக்குச் சோறு போட்டவர் அவர், அவர் கிளப்புக்குச் சோறு போட்டவன் நான். இரண்டு பேரும் எதிராளியை மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறோம். இந்த வியாபாரத்தை உடைத்தவன் நான்.

அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் குறைந்தது. துண்டில் விழுகிற சில்லறை, துண்டை வெளுக்கக்கூடக் காணாது. என் கைக்காசைப் போட்டு ஓட்டினேன். மகன் ஒருநாள், “அப்பா, பந்துக்கு இனிமே மண்டிக் காசைத் தொடப்பிடாது” என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. இந்த வருடமும் அக்கரை வராவிட்டால் கிளப்பைக் கலைத்துவிடலாம் என்று எங்கள் பயல்களே பேசிக்கொண்டார்கள். என் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள்.

மாசி மாதம் ஒருநாள் மத்தியானம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவர் கடைக்குப் போனேன். யாரிடமும் போய் எதையும் கேட்டு நின்றவன் இல்லை நான். முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கமாட்டாமல்தான் தனியாக மண்டி போட்டேன். அன்றைக்கு அவர் கடைப் படியில் ஏறுவதற்கு முன்னால் எதிர்க் கடையில் இரண்டு சோடா குடித்தேன்.

அவர் பாயைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு, வாழைக்கா அண்ணாச்சியா? வழி தப்பி வந்துட்டீரா வே?”

“வழி தெரிஞ்சுதான் வந்தேன்.”

“அப்பம் பாய் வாங்க வந்திருக்கீரு. என்ன பாய், ஒத்தப் பாயா, ரெட்டைப் பாயா?”

என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்று தெரிந்தால் மற்றது தெரியும்.

“ஒத்தப் பாயே போதும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் நகர்த்தினார். உட்கார்ந்தேன்.

“பங்குனி ஆட்டத்துக்கு உங்க ஆளுவ வரணும்” என்றேன்.

“எங்க ஆளா? எங்க ஆளெல்லாம் உம்ம மண்டியிலல்லா தார் எறக்குதானுவ?”

“மூணு பேரையும் திருப்பித் தாரேன்.”

கையில் இருந்த நூலைக் கீழே வைத்தார்.

“திருப்பித் தாறதுக்கு அவனுவ என்ன பாத்திரமா வே? எரவல் வாங்கிட்டுப் போனீரு, இப்பம் கழுவிக் குடுக்க வந்திருக்கீராக்கும்?”

அவரே தொடர்ந்தார்.

“அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. பயலுவளுக்கு மாசச் சம்பளம் கெடைக்கி, நான் வேண்டாம்னு சொல்லுவனா? வேலை நீரு குடும், பந்து எனக்கு ஆடட்டும்னு சொல்லிருப்பேன். சோறு போட்டு, காலையுமில்லா வாங்கிட்டீரு.”

“தப்புதான்” என்றேன். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்டவர்கள் இந்தப் பக்கத்தில் ரொம்பக் குறைவு. என் வீட்டுக்காரி கேட்டதில்லை.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுபடியும் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். “அவனுவகிட்டக் கேளும். அவனுவ ஆடுதோம்னு சொன்னா நானும் வாரேன், ஹயாத்து இருந்தா.” உயிரோடு இருந்தால் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஒற்றைப் பாய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

மறுநாள் மண்டியில் மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பங்குனியில் நீங்கள் அக்கரைக்கு ஆடுங்கள் என்று. மூன்று பேரும் பயந்துபோனார்கள்.

“வேலை போயிருமா மொதலாளி?” என்றான் அண்ணன்.

“வேலை எங்கயும் போவாது. பந்து மட்டும் அங்க ஆடுங்க.”

“அப்பம் நம்ம கோலுக்கு யாரு நிப்பா?” என்றான் கோல்காரன். நம்ம கோல் என்றுதான் சொன்னான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. தம்பிக்காரன் லோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்று யாருக்கோ போன் செய்து, “ஏலே, பூட்ஸை எடுத்து வைலே!” என்று கத்தினான். நாலு வருடம் சோறு போட்டிருக்கிறேன். கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

பங்குனி ஆட்டத்துக்குக் கூட்டம் பழைய மாதிரியே வந்தது. குளக்கரையில் நிற்க இடமில்லை. கருப்பட்டி மிட்டாய்க்காரன், ஐஸ்காரன், சர்பத் வண்டி எல்லாம் எங்கிருந்தோ வந்துவிட்டன. அக்கரை ஆட்கள் இரண்டு டெம்போவில் வந்து இறங்கினார்கள். நாலு வருடமாகத் தேக்கிவைத்த ஏச்சையெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஏசித் தீர்த்தார்கள். கோல்காரன் என் பந்துகளை எல்லாம் கொய்யாக்காய் பறிப்பதுபோலப் பறித்தான். எங்கள் பயல்களும் விடவில்லை. இடைவேளைக்குள் ஆளுக்கொரு கோல்.

அக்கரைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு மதகு மேட்டில் நின்றார். நான் எதிரில் நடுக்கோட்டுக்கு நேராக நின்றேன். தாரைக் கொண்டுவந்து வைத்தார்கள். மண்டிக்கு அந்த மாதம் வந்ததில் அதுதான் நல்ல தார், நானே பொறுக்கியது. மைக்காரன் ஏலம் கூற ஆரம்பித்தான்.

அவர் ஆயிரம் கேட்டார். நான் நூறு ஏற்றினேன். அவர் ஏற்றினார். கூட்டம் ஒவ்வொரு குரலுக்கும் கத்தியது. என் உடம்பில் நாலு வருடமாக ஓடாத ரத்தம் ஓடியது. மூவாயிரத்தைத் தொட்டதும் நான் ஒரு நூறு ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். அந்த இடத்தில் அவர் வழக்கமாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரே அடியாக ஐந்நூறு ஏற்றுவார். அப்போது நான் வாயை மூடிக்கொள்வேன். எத்தனை வருடப் பழக்கம்.

அவர் பேசவில்லை.

“ஒரு தரம்” என்றான் மைக்காரன். அவர் தன் பயல்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ரெண்டு தரம்.” எங்கள் ஆட்கள், “அக்கரை பின்வாங்கிட்டுலேய்!” என்று கத்தினார்கள். அவர் குடையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரமும் கூறி முடித்துவிட்டான்.

என் தார் என் தலையில் விழுந்தது. அத்தனை பேர் முன்னிலையில்.

அப்போது ஒன்று தெரிந்தது. அவர் எந்த வருடமும் நிறுத்தியிருக்கலாம். நான் மாட்டிவிட்டேன் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் அவராக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆட்டத்தில் அக்கரை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. எங்கள் பயல்கள் மூன்று துண்டு ஏந்திப் போனார்கள், மூன்றும் கனத்துத் திரும்பின. வேனுக்கும் பூட்ஸுக்கும் அது போதும். கிளப்பைக் கலைக்கிற பேச்சு அன்றோடு நின்றது. அந்த மட்டும் நான் நினைத்தது நடந்துவிட்டது.

டெம்போவில் ஏறப்போன அக்கரைக்காரரிடம் போனேன்.

“என்ன மொதலாளி, தாரை விட்டுட்டீரு?”

“எங்க பயலுவ ஆடணும்னு வந்தேன் வே” என்றார். குரலில் கோபம் இல்லை. “ஆடிட்டானுவ. உம்ம தாரு எனக்கு எதுக்கு?”

“அடுத்த மாசம் உங்க தரைக்கு நான் வாரேன்.”

“வாரும். ஆட்டம் எல்லாருக்கும் பொதுதானே.”

என் மூன்று வேலைக்காரர்களும் அந்த டெம்போவில்தான் ஏறினார்கள். அக்கரையில் நெய்ச்சோறு ஆக்கிவைத்திருக்கிறார்களாம். கோல்காரன் மட்டும் எட்டிப் பார்த்து, “நாளைக்கு லோடுக்கு வந்துருவோம் மொதலாளி” என்றான். வண்டி கரை ஏறிப் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை அவர்கள் போட்ட கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பயல்களும் கோல் கம்பத்து வலையை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். இந்த வயதிலும் தனியாகத் தூக்கிவிடுவேன். முப்பத்தொரு கிலோ.

அடுத்த மாதம் தோப்புத் தரையில் ஆட்டம். வெள்ளைச் சட்டை வெளுத்து வந்துவிட்டது. மகனிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு என் பையில் பணம் இருக்க வேண்டும், எதற்கு என்று கேட்கக்கூடாது என்று. அவர் வைக்கிற தார் எந்த விலைக்குப் போனாலும் நான்தான் எடுப்பேன். பத்தாயிரம் என்றாலும் எடுப்பேன். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. முதல் விலை நான் கேட்ட பிறகு அவர் எதிர்க்குரல் கொடுக்காமல் இருந்துவிட்டால், நான் கேட்ட அந்த முதல் விலைக்கே தார் எனக்கு விழுந்துவிடும். ராத்திரி படுத்தால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.